லட்சிய ராஜ்யங்களும் இணங்காத மனிதனும்

குறையொன்றும் இல்லாத ஒரு சமுதாயத்தைக் கற்பனையால் எழுப்பிக் காட்டும் நூல்கள், பிளேட்டோவின் 'குடியரசு' தொடங்கி நம் காலத்து நாவல்கள் வரை, உலக இலக்கியத்தில் ஒரு தனி மரபாகவே வளர்ந்திருக்கின்றன. சட்டத்தால் மனிதனைத் திருத்தலாம் என்று நம்பியவர்களும், விஞ்ஞானத்தால் வறுமையை ஒழிக்கலாம் என்று நம்பியவர்களும், உழைப்பை ஆனந்தமாக்கினாலே போதும் என்று கருதியவர்களும், இந்த நம்பிக்கைகள் நம்மை எங்கே கொண்டுபோய் விடுமோ என்று அஞ்சி எழுதியவர்களும் இம்மரபில் தனித்தனிப் பிரிவினராக நிற்கிறார்கள். அந்த நாடுகளில் செல்வம் எப்படிப் பங்கிடப்படுகிறது, ஆட்சி யார் கையில் இருக்கிறது என்பவற்றைக் கொண்டே விமரிசகர்கள் பெரும்பாலும் இவர்களை எடைபோடுகிறார்கள். நான் நம்பும் அளவுகோல் வேறு. அந்த நாட்டின் ஏற்பாடுகள் எல்லாம் தெரிந்தும், அவற்றின் பலன்களை அனுபவித்தும், 'எனக்கு இது வேண்டாம்' என்று ஒருவன் சொல்வானேயானால், அவனை நூலாசிரியர் என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் முதலில் தேடிப் படிக்கிறேன்.

பிளேட்டோவின் விடை மரியாதையுடன் கூடியது, ஆனால் கண்டிப்பானது. எந்த வேஷத்தையும் சொல்லில் கொண்டுவரவல்ல கவிஞன் தம் நகரத்துக்கு வந்தால், அவனை வணங்கி, தலையில் வாசனைத் தைலம் பூசி, மாலை சூட்டி, வேறு ஊருக்கு வழியனுப்பிவிட வேண்டும் என்கிறார். நம் கம்பர் காட்டும் கோசலமும் அயோத்தியும் சட்டங்களால் கட்டப்பட்டவை அல்ல. வறுமை இல்லாமையால் அங்கே கொடைக்கு வேலை இல்லை, கள்வர் இல்லாமையால் காவலுக்கு வேலை இல்லை. மக்களின் மனச்செம்மையிலிருந்தே அந்தச் சுபிட்சம் பிறக்கிறது. ஆயினும் அத்தகைய நகரத்தின் அரண்மனைக்குள்ளேயே பழைய வடு ஆறாத மந்தரையை வைத்து, காவியத்தின் கதியையே அவள் வழியாகத் திருப்பியிருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

சட்ட மரபுக்குத் தலைமகனாக விளங்குபவர் தாமஸ் மோர். 1516-ல் லூவேன் நகரில் லத்தீனில் அச்சான அவருடைய 'உட்டோபியா' 54 நகரங்கள் கொண்ட ஒரு தீவு. நாளைக்கு ஆறு மணி நேர உழைப்பு. பூட்டில்லாத வீடுகள், அவற்றையும் பத்தாண்டுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்வது வழக்கம். பொன்னின் மீது ஆசை எழாதிருக்க, அதைக் கொண்டு மலஜலப் பாத்திரமும் அடிமைகளின் விலங்கும் செய்துவைப்பார்கள். குடியானவர்களின் நிலங்களை வேலியிட்டு வளைத்துக்கொண்ட பிரபுக்களின் இங்கிலாந்தில், பசிக்குத் திருடியவனைத் தூக்கிலிட்ட அந்த நாட்களில், இப்படி எழுதுவதற்கு எத்தகைய கருணையும் துணிவும் வேண்டும்! ஆனாலும் அந்தத் தீவில் ஒருவன் பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமானால், திரும்பும் நாள் குறித்த அனுமதிச் சீட்டு கையில் இருக்க வேண்டும். சீட்டின்றி அகப்பட்டால் அவமானமும் கடுந்தண்டனையும். மறுமுறை அகப்பட்டால் அடிமைத்தனம். சபைக்கு வெளியே பொதுக்காரியங்களைப் பற்றி ஆலோசிப்பதோ மரண தண்டனைக்குரிய குற்றம். இவற்றை எழுதிய அதே மோர், திருச்சபைக்கு அரசனே தலைவன் என்று சத்தியம் செய்ய மறுத்து, மனச்சாட்சியின் பொருட்டு 1535-ல் சிரச்சேதத்தை ஏற்றுக்கொண்டார். தம் தீவில் இடம் தராத அந்த மனிதனாகவே அவர் தம் நாட்டில் நின்று உயிர் துறந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்த நூலின் பக்கங்கள் எனக்கு வேறு வெளிச்சத்தில் தெரிகின்றன.

நேப்பிள்ஸ் நகரச் சிறையிலிருந்து 'சூரிய நகரம்' எழுதிய காம்பனெல்லா, யார் யாரைக் கூட வேண்டும் என்பதைக்கூட அதிகாரிகளிடமே ஒப்படைத்துவிட்டார். பேக்கனின் 'புதிய அட்லாண்டிஸ்' விஞ்ஞான மரபின் மூலநூல். அங்குள்ள ஆராய்ச்சி மடத்தார், எந்தக் கண்டுபிடிப்பை வெளியிடுவது, எதை அரசுக்கும் தெரியாமல் மறைப்பது என்று தமக்குள் கூடி முடிவு செய்கிறார்கள். 1940-களில் பெரியார் எழுதிய 'இனி வரும் உலகம்', நாணயமும் அரசனும் அற்ற, வானொலி தொப்பியிலேயே அமைந்த ஒரு காலத்தைத் தமிழில் துணிந்து காட்டிய நூல். பகுத்தறிவு பரவியபின் இணங்காமைக்கே காரணம் இராது என்ற திடநம்பிக்கை அதன் அடியோட்டமாக இருப்பதால், என் கேள்விக்கு அதில் நேரான விடை கிடைப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கேள்வி இரண்டு நூல்களுக்கு இடையே ஒரு வாதமாகவே நடந்தது. 1888-ல் வெளிவந்த எட்வர்ட் பெல்லமியின் 'பின்னோக்கிப் பார்த்தல்' நாவலில், 1887-ல் உறங்கிய பாஸ்டன் நகரவாசி ஒருவன் 2000-ல் கண் விழிக்கிறான். 21 வயது முதல் 45 வயது வரை எல்லாரும் தொழிற்படையில் சேவை செய்ய வேண்டும்; எல்லாருக்கும் சமமான வருமானம்; உடலில் வலுவிருந்தும் உழைக்க மறுப்பவன், சம்மதிக்கும் வரை ரொட்டியும் தண்ணீருமாகத் தனிச் சிறையில் கிடப்பான். அமெரிக்காவில் இதன் பெயரால் மன்றங்கள் பல எழுந்தன. ஆனால் இதைப் படித்து மனம் கசந்த வில்லியம் மாரிஸ், தம் 'காமன்வீல்' பத்திரிகையில் இதற்கு மதிப்புரை எழுதியதோடு நில்லாமல், 1890-ல் அதே பத்திரிகையில் 'நியூஸ் ஃப்ரம் நோவேர்' என்ற கதையைத் தொடராக எழுதினார். அதில் ஊரெல்லாம் தேம்ஸ் நதிக்கரைக்கு வைக்கோல் அறுவடைக்குப் போகிறது. அது அவர்களுக்குத் திருவிழா. வழியில் ஒரு சிறு கூட்டம், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை விட்டு வர மாட்டோம் என்று பிடிவாதம் பிடிக்கிறது; கல் செதுக்குவதில் தேர்ந்தவளான பிலிப்பா நோயுற்றிருந்ததால் வேலை பின்தங்கிவிட்டதாம், இப்போது அவள் உளியும் கையுமாக நிமிராமல் செதுக்கிக்கொண்டிருக்கிறாள். அறுவடைக்குப் போகிறவர்கள் அவர்களைக் கேலி பேசுகிறார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து திராட்சை ரசம் அருந்திவிட்டு, அவரவர் வழியில் போகிறார்கள். போட்டி நிறைந்த பழைய காலமே நல்ல காலம் என்று ஓயாமல் முணுமுணுக்கும் கிழவர் ஒருவரும் கதையில் வருகிறார். அவருக்கும் உணவும் உறவும் குறைவில்லாமல் கிடைக்கின்றன. பொருளாதார நுணுக்கத்தில் மாரிஸ் பெல்லமிக்கு ஈடில்லைதான். எனினும் என் அளவுகோலின்படி இந்த மரபு முழுவதிலும் முதலிடம் பெறத்தக்க பக்கங்கள் இவையே.

நம் மண்ணோடு தொடர்புடைய மற்றொரு நூல், பேகம் ரோக்கியாவின் 'சுல்தானாவின் கனவு'. வங்கத்துப் பெண்மணியாகிய அவர் ஆங்கிலத்தில் எழுதிய இக்கதை, 1905-ல் சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸீன்' பத்திரிகையில்தான் முதன்முதல் வெளியாயிற்று. சூரிய வெப்பத்தைக் குவித்துப் பகைவரை விரட்டிய பெண்கள் நாட்டை ஆள, ஆண்கள் வீட்டின் உட்கட்டில் கோஷா இருக்கிறார்கள். பொய் சொன்னவரை நாட்டை விட்டே போகச் சொல்கிறார்கள். உண்மையாக மனம் வருந்தினால் மன்னிக்கிறார்கள். ஆண்களின் அடைப்பைக் கண்டு சிரிக்கும் வாசகன், அந்த அடைப்பு நெடுங்காலமாக யாருக்கு விதிக்கப்பட்டிருந்தது என்பதை அடுத்த கணமே உணரும்படி செய்திருப்பதால், இணங்க வழியின்றி அடைபட்டிருந்தவர்களின் குரலாகவே இதை நான் படிக்கிறேன்.

கொடுங்கனவு ராஜ்யங்களின் மரபு, இணங்காதவனையே கதாநாயகனாக்கியதில் பிறந்தது. அதன் ஆதி நூல் யெவ்கேனி சம்யாத்தினின் 'நாங்கள்'. பனிக்கட்டியை உடைத்துச் செல்லும் கப்பல்களை இங்கிலாந்தில் மேற்பார்வையிட்டுக் கட்டிய பொறியாளர் அவர். 1924-ல் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்த அந்த நாவல், ருஷ்ய மண்ணில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். வீடுகள் கண்ணாடியால் ஆனவை. குறித்த வேளையில், சீட்டுக் காட்டினால் மட்டும் திரையை இறக்கிக்கொள்ளலாம். இறுதியில் டி-503 என்பவனுக்குக் கற்பனை என்னும் சக்தியையே அறுத்தெறியும் சிகிச்சை நடக்கிறது. அதன்பின், தான் காதலித்த ஐ-330 என்ற பெண்ணைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் காற்றை உறிஞ்சி மும்முறை வதைப்பதை அவன் பக்கத்தில் அமர்ந்து அமைதியாகப் பார்க்கிறான். அவள் கடைசி வரை வாய் திறக்கவில்லை என்பதையும் எவ்விதச் சலனமுமின்றிக் குறித்துவைக்கிறான். அந்தப் பக்கத்தை என்னால் ஒரே மூச்சில் படித்துச் செல்ல முடிந்ததே இல்லை.

இந்நூலுக்கு 1946-ல் மதிப்புரை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல், 1949-ல் வெளியிட்ட '1984' நாவலில் இன்னும் ஒரு படி மேலே போனார்: அங்கே அரசுக்கு எதிரியின் உயிர் போதாது, அவனுடைய மனப்பூர்வமான சம்மதமே வேண்டும். 1932-ல் வந்த ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நூலிலோ, இணங்காதவர்களைத் தீவுகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தட்பவெப்பம் மோசமாக இருந்தால் நன்றாக எழுத வரும் என்று எண்ணி ஃபாக்லாந்து தீவுகளுக்குப் போகச் சம்மதிக்கும் எழுத்தாளன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பிளேட்டோ வழியனுப்பிய கவிஞனுக்கு நெருங்கிய உறவினன்.

1974-ல் அர்சுலா லே குவின் எழுதிய 'த டிஸ்பொசஸ்ட்' லட்சிய ராஜ்யம், கொடுங்கனவு ராஜ்யம் என்னும் இரு மரபுகளையும் ஒரே நூலில் எதிரெதிரே நிறுத்திய பெருமுயற்சி. அனாரஸ் என்ற வறண்ட உலகில் சிறையும் அரசும் தனிச்சொத்தும் இல்லை. ஆசிரியரின் அன்பெல்லாம் அந்த உலகத்தின் மீதுதான். எனினும் டிரின் என்ற இளைஞன் ஒரு நாடகம் எழுதியதற்காக ஊர் கூடிக் கண்டிக்கிறது. பிறகு சாலை வேலைக்கே அவனை மீண்டும் மீண்டும் அனுப்புகிறார்கள். கடைசியில் மனநோய் விடுதியில் போய் ஒடுங்குகிறான். எந்தச் சட்டமும் அவனைத் தண்டிக்கவில்லை. அக்கம்பக்கத்தாரின் அபிப்பிராயம் தண்டித்தது. அவனுடைய நண்பனும் பௌதிக விஞ்ஞானியுமான ஷெவெக், தோழர்களோடு சேர்ந்து சொந்த அச்சகம் நடத்தி, வேற்றுலகத்தோடு கடிதத் தொடர்பு கொள்கிறான். 'போவதற்கு உனக்கு உரிமை உண்டு. திரும்பி வந்தால் சும்மா விட மாட்டோம்' என்னும் பொருளில் பொதுச் சபையிலேயே அவனை எதிர்க்கிறார்கள். ஒரு கூட்டம் கல்லெறிய அவன் புறப்பட்டுப் போகிறான். அவனை வரவேற்கவும் அடிக்கவும் காத்திருக்கும் அனாரஸுக்கே நாவலின் முடிவில் திரும்பி வருகிறான். டிரினின் கதையை மறைத்திருந்தால் அனாரஸ் இன்னும் அழகாகத் தோன்றியிருக்கும். லே குவின் அதை மறைக்கவில்லை.