இடக்கையில் கமகம்

மாசிமகத்துக்கு விருத்தாசலம் போன்ற ஊர்களில் மேடை போட்டால், கீபோர்டு இல்லாமல் மெல்லிசைக் கச்சேரி களைகட்டாது. புல்லாங்குழல், வயலின், ஷெனாய் எல்லாமே அந்த 61 கட்டைகளுக்குள். பாடகருக்குச் சுருதி எட்டவில்லையா, டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தட்டு. விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும்.

கர்னாடக சங்கீதம் வேறு கதை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒலி இல்லையென்றால், சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் ஏது? ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் பல ஆண்டுகள் விலக்கி வைத்ததற்கு இந்தக் குறையும் ஒரு காரணம்.

ஆனால் கீபோர்டின் அதே கட்டை வரிசையில், மிருதங்கம் துணையிருக்க, முழுக் கர்னாடகக் கச்சேரி செய்கிறார் கீபோர்டு கலைஞர் கே. சத்யநாராயணன். அவருடைய இடக்கையைக் கவனிக்க வேண்டும். வலக்கை சுரத்தைத் தொட்டதும், இடது ஓரத்திலுள்ள, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் மயிரிழை நகரும். தோடியின் காந்தாரம் அசைந்து வரும். விட்டால் சக்கரம் தானே நடுநிலைக்குத் திரும்பிவிடும். அதனால் எவ்வளவு தள்ளுவது, எப்போது விடுவது என்ற கணக்கு முழுக்க விரலில்தான் இருக்கிறது. வீணையில் தந்தியை இழுத்துக் காட்டும் கமகத்தை இது நினைவூட்டும்.

கண்ணை மூடிக் கேட்டுப் பழகிய ரசிகர்களே, கீபோர்டு கச்சேரியில் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.