இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமையும் உரிமப் பொருத்தமும்

திறமூல மென்பொருள் என்றால் எதையும் எதனோடும் சேர்த்து வெளியிடலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று என்பதற்கு இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமை தக்க சான்றாகும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் சோலாரிஸ் இயங்குதளத்துக்காக உருவாக்கிய இம்முறைமையின் மூல நிரல், 2005-இல் சி.டி.டி.எல். என்னும் உரிமத்தின் கீழ் வெளியானது. லினக்ஸின் மையப் பகுதியான கருனி, ஜி.பி.எல். 2 உரிமத்தின் கீழ் உள்ளது. பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இரண்டுமே அனுமதிக்கின்றன. ஆனால், தன்னோடு இணைந்து உருவாகும் மென்பொருள் முழுவதும் தன் விதிகளின்படியே வழங்கப்பட வேண்டும் என்கிறது ஜி.பி.எல். தனக்குரிய கோப்புகளின் மூல நிரல் தன் விதிகளின்படி மட்டுமே வழங்கப்பட வேண்டும் என்கிறது சி.டி.டி.எல். ஒரே கோப்பு இரண்டுக்கும் கட்டுப்பட இயலாது. ஜாதகங்கள் தனித்தனியே நல்லவைதான், பொருத்தம் இல்லை.

இத்தகைய நிபந்தனை இல்லாத உரிமம் கொண்ட ஃப்ரீபி.எஸ்.டி., 2008-இல் வந்த தன் 7.0 பதிப்பிலேயே இசட்.எஃப்.எஸ்-ஐச் சேர்த்துக்கொண்டது. லினக்ஸ் கருனியில் அது இன்றும் இடம்பெறவில்லை. பயனர் தம் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளும் வகையில் டெபியன் அதை மூல நிரலாகத் தருகிறது. கனோனிக்கல் நிறுவனமோ 2016-இல் உபுண்டு 16.04 பதிப்பில் தொகுத்த வடிவிலேயே வழங்கியது. அது ஜி.பி.எல். மீறல் என்று சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அறிவித்தது. கனோனிக்கல் அதை ஏற்கவில்லை.

சன் இவ்வுரிமத்தை வேண்டுமென்றே இப்படி அமைத்ததா என்ற விவாதம் உண்டு. நோக்கம் எதுவாயினும், லினக்ஸ் ஜி.பி.எல்-இன் கீழ் இருப்பது 2005-இல் எல்லாரும் அறிந்த செய்தி. கருனிக்கு நிரல் எழுதியோர் பல்லாயிரவர். அனைவரிடமும் இசைவு பெற்று அதன் உரிமத்தை மாற்றுவது நடைமுறையில் முடியாது. சி.டி.டி.எல்-இன் புதிய பதிப்பை வெளியிடும் அதிகாரமோ ஒரே இடத்தில் உள்ளது. 2010-இல் சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிளே இன்று அதன் பொறுப்பாளர்.

இக்குறை தீராத ஒன்றன்று. சி.டி.டி.எல். உருவாக அடிப்படையாக இருந்த மொசில்லா பொது உரிமம், 2012-இல் வந்த 2.0 பதிப்பில் ஜி.பி.எல்-உடன் இணைய வழி செய்துகொண்டது. தாய் உரிமம் திருந்தியது. சேய் உரிமம் அப்படியே நிற்கிறது.

கூட்டு முயற்சியாக மென்பொருள் எழுதத் தொடங்குவோர், சொந்தமாக உரிமம் இயற்றாமல், பிற திட்டங்களோடு பொருந்தும் உரிமத்தை முதல் நாளே தேர்ந்தெடுப்பது நன்று. பங்களிப்போர் பெருகிய பின் அதை மாற்றுவது மிகக் கடினம்.