டெர்மினல் தெரியாதவர்களுக்கும் லினக்ஸ்: காக்பிட் ஒரு பார்வை

அக்கா வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். அதிலிருந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைப் போன மாதம் மாமா கழற்றி எடுத்துவிட்டார். மறுநாள் ஆன் செய்தால் 90 விநாடி எதற்கோ காத்திருந்து, பிறகு கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. "ரூட் பாஸ்வேர்டு குடுன்னு கேக்குதுடா தம்பி, நான் என்ன பண்ண?" என்று போனில் பதறினாள். இல்லாத டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தது கணினி. எந்த டிஸ்க்கை எங்கே இணைக்க வேண்டும் என்று குறித்து வைக்கும் எஃப்ஸ்டேப் கோப்பில் அந்த டிஸ்க்குக்கான வரியில் 'நோஃபெயில்' என்ற ஒரு சொல்லை நான் சேர்த்திருந்தால் அது பாட்டுக்குத் திறந்திருக்கும். அந்தச் சொல்லை அக்கா எங்கே போய்த் தெரிந்துகொள்வாள்?

அதன் பிறகுதான் என் டெபியன் கணினியில் காக்பிட்டை நிறுவி மூன்று வாரம் பயன்படுத்தினேன். லினக்ஸ் கணினியைப் பிரவுசர் வழியாகவே நிர்வகிக்க உதவும், ரெட் ஹாட் பொறியாளர்கள் பெரும்பங்கு ஆற்றும் திறமூல மென்பொருள் இது. 2014இல் ஃபெடோரா 21 சர்வர் பதிப்போடு வந்தது. உபுண்டுவிலும் கிடைக்கும். நிறுவியபின் பிரவுசரில் 9090ஆம் போர்ட்டைத் திறக்க வேண்டும். சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் முதலில் எச்சரிக்கலாம்; நம் கணினிக்குள்ளேயே திறக்கிறோம் என்பதால் பயமில்லை.

என்னைக் கவர்ந்தது ஸ்டோரேஜ் பக்கம். ஒரு டிஸ்க்கை இணைக்கும்போது, கணினி துவங்குகையில் என்ன செய்யலாம் என்று கேட்கிறது: மற்ற சேவைகளுக்கு முன்பே இணைக்கவா, காத்திராமல் இணைத்து, முடியாவிட்டால் விட்டுவிடவா, நெட்வொர்க் வந்தபின் இணைக்கவா, இணைக்கவே வேண்டாமா? இரண்டாவதைத் தேர்ந்தால் அந்த 'நோஃபெயில்' தானாகவே கோப்பில் ஏறிவிடுகிறது. ஒரு வரைகலைக் கருவி செய்யவேண்டிய வேலை இதுதான். கட்டளைக்குப் பட்டன் வைத்தால் மட்டும் போதாது, விளைவை மனிதருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

சேவைகளை நிறுத்தவும் துவக்கவும் ஒரு சுவிட்ச். இரவுதோறும் பேக்கப் எடுக்க ஒரு டைமரைப் படிவம் நிரப்பியே அமைத்தேன். காக்பிட் தனக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்வதில்லை. சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி, நெட்வொர்க்கைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் ஆகியவற்றோடு நேரடியாகப் பேசுவதால், டெர்மினலில் நான் செய்த மாற்றம் உடனே இங்கும் தெரிந்தது.

பாதுகாப்பிலும் பாதை சரி. பழைய கருவிகள் பல, முழு நிரலையும் ரூட் அதிகாரத்தில் ஓட்டின. திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலண்டு வந்ததும் அந்த வழக்கம் அடிபட்டது. 2016இல் வேலண்டோடு ஃபெடோரா 25 வெளியானபோது, டிஸ்க்கைப் பிரிக்கும் ஜிபார்ட்டெட் போன்றவை திறக்காமல் தவித்தன. காக்பிட் குறைந்த உரிமையோடு துவங்கி, தேவைப்படும்போது மட்டும் நிர்வாக உரிமை கேட்கிறது.

ஆனால் இது சர்வருக்காகப் பிறந்தது. ஃபயர்வால் பக்கம் ஃபயர்வால்டி இருந்தால்தான் வரும்; உபுண்டுக்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் யுஎஃப்டபிள்யூவை அது கண்டுகொள்ளாது. பிரிண்டருக்கோ ஒலிக்கோ பக்கம் கிடையாது. விரும்பிய மென்பொருளைத் தேடி நிறுவவும் முடியாது, அப்டேட் மட்டும் செய்யலாம்.

இங்கேதான் யாஸ்ட் நினைவுக்கு வருகிறது. டிஸ்க், பூட்லோடர், மென்பொருள், பயனர், ஃபயர்வால் என எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த சூஸேயின் கருவி அது. 2025இல் வந்த ஓப்பன்சூஸே லீப் 16 அதைக் கைவிட்டு, நிர்வாகத்துக்குக் காக்பிட்டைக் கொடுத்திருக்கிறது. யாஸ்ட் பராமரிக்கக் கடினமான பழைய நிரல் என்பது புரிகிறது. ஆனாலும் டெஸ்க்டாப் பயனருக்கு இது இழப்புதான்.

சர்வருக்குக் காக்பிட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வீட்டுக் கணினிக்கு அது பாதிக் கருவி. மீதிப் பாதியை க்னோம், கேடிஈ ஆகிய டெஸ்க்டாப் சூழல்கள் தங்கள் செட்டிங்ஸிலேயே தர வேண்டும். அதுவரை, யாருக்காவது லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் காக்பிட்டையும் சேர்த்து நிறுவிக் கொடுங்கள். ஸ்டோரேஜ் பக்கத்தை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.