எழுத்துக்கு இடம் கொடுங்கள்!

அன்னூர்ச் சத்தி சாலைச் சுவரொட்டிகளைக் கண்டோம். பத்து முகங்கள், பட்டங்களின் அணிவகுப்பு! கூட்டம் எங்கே, என்று? அச்செய்தியோ மூலையில் முடங்கிக் கிடக்கிறது.

வடிவமைப்பின் அடிப்படை எளிது: முதன்மையானது பெரிதாகட்டும்; பின்னணியினின்று எழுத்து பிரிந்து தெரியட்டும்; சுற்றிலும் வெற்றிடம் இருக்கட்டும்; வடிவங்கள் ஒருசீராகட்டும்.

1946இல் உருவான திராவிடர் கழகக் கொடி கருமை நடுவே செவ்வட்டம், தொலைவிலும் தெளிவு! பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை 1978இல் தமிழக அரசு ஏற்றது. ணை, லை, ளை, னை தனி வடிவம் துறந்து மற்ற எழுத்துகளோடு ஒருசீராயின. கற்பவர் சுமை குறைந்தது.

அண்மையில் எழுதப் படிக்கக் கற்ற மில் தொழிலாளி சுவர்முன் நின்று எழுத்துக் கூட்டுகிறார். அவர் கண்ணைக் குழப்புவது அழகா? அவமதிப்பு! தோழர்களே, முகங்களைக் குறையுங்கள், செய்தியை நிமிர்த்துங்கள்!