ஜப்பானுக்கு ஏன் இந்தச் சுற்றுவழி?

திருச்சி தில்லை நகரிலிருந்து கரூர் சாலையில் போனால் ஜீயபுரம் பக்கத்தில் அல்லூர். அந்த ஊர்ச் சோழர் காலக் கல்வெட்டுகளை ஈசானமங்கலத்துக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு, ஒன்றில் நிலம் ஊர்ப் பொதுவாகவும் மற்றதில் தனித்தனி ஆள் பேரிலும் இருந்தது என்று 1966இல் எழுதியவர் நொபொரு கராஷிமா. டோக்கியோ பல்கலைக்கழக வரலாற்றறிஞர். 1995இல் தஞ்சையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவர். நம்மூரில் அதிகம் பேசப்படாத சேதி ஒன்று உண்டு. ‘ஒய்ஷின்போ’ என்ற ஜப்பானியச் சாப்பாட்டு மங்கா தொடரில், கறியைப் பற்றிய கதையில், அவரே ஒரு பாத்திரமாக வருகிறார். நம் கல்வெட்டைப் படிக்கத் தமிழ் கற்றவரை ஜப்பானியர்கள் சித்திரக்கதையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

இப்போது அவர்கள் சித்திரத்தைப் பார்த்து நம் பிள்ளைகள் ஜப்பானிய மொழிக்குப் போகிறார்கள். ஹங்காமா டிவியில் தமிழ் பேசிய டோரேமானும் ஷின்-சானும் முதல் படி. கல்லூரிக்கு வந்ததும் ‘நருட்டோ’, ‘ஒன் பீஸ்’. 2024இல் ‘சோலோ லெவலிங்’ தமிழ்க் குரலில் வந்தது. 2025 ஜனவரியில் யூகோ சாக்கோவின் பழைய ராமாயண அனிமே தமிழிலும் திரைக்கு வந்தது. கம்பன் தன் ராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபம் இருக்கும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம். அந்த ஆண்டு செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ தமிழிலும் வெளியானது.

டப்பிங் பெருகியது நல்லதுதான். ஆனால் தமிழ்க் குரலில் பார்ப்பவர் காதில் ஜப்பானிய மொழி விழுவதே இல்லை. மொழி மேல் ஆசை வருவது மூலக் குரலைக் கேட்டு, கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படிப்பவர்களுக்கு. பிறகு தில்லை நகரில் ஒரு மொழி வகுப்பில் சேர்ந்தால் அங்கேயும் விளக்கம் ஆங்கிலத்தில்தான். சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

‘நான் நேற்று அம்மாவோடு கடைக்குப் போனேன்.’ இதை ஜப்பானிய மொழியில் சொன்னால், ‘வத்தாஷி வா கினோ ஹஹா தோ மிசே நி இக்கிமாஷ்தா.’ ‘ஹஹா தோ’ அம்மாவோடு. ‘மிசே நி’ கடைக்கு. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், வினை கடைசியில். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. வினையில் ஏன்-ஆன்-ஆள் கிடையாது என்பதால் நமக்கு வேலையும் குறைவு.

துணைவினைக்கு வந்தால் ஒற்றுமை இன்னும் வியப்பு. ‘தபெத்தே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். ‘மிரு’ என்பதே பார்தான். ‘கத்தே ஒக்கு’, வாங்கி வை. ‘மொத்தே குரு’, கொண்டு வா. ‘தபெத்தே ஷிமாவு’, சாப்பிட்டுவிடு. இந்தக் கடைசி வடிவம் சில சமயம் ‘முடிந்தது’ என்கிறது, சில சமயம் ‘ஐயோ, இப்படி ஆகிவிட்டதே’ என்கிறது. ஆங்கிலப் பாடநூல் இதை விளக்கப் பத்தி பத்தியாக எழுத வேண்டியிருக்கிறது. ‘தொலைத்துவிட்டேன்’ என்று தினமும் சொல்லும் திருச்சிப் பெண்ணுக்கு அரை நிமிடம் போதும்.

இதைச் சொன்னதும் நம்மவர்கள் சுசுமு ஓனோவைப் பிடித்துக்கொள்வார்கள். ஜப்பானிய மொழிக்குத் தமிழ் உறவுண்டு என்று நூல்கள் எழுதியவர் அவர். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏற்க வேண்டிய அவசியமும் இல்லை. கொரிய மொழிக்கும் துருக்கிய மொழிக்கும்கூட இதே வாக்கிய அமைப்புதான். படிப்பவருக்கு வேண்டியது அமைப்பு, ரத்த உறவு அல்ல.

அனிமேயை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கதாநாயகன் தன்னை ‘ஒரே’ என்பான், எதிராளியை ‘ஒமாயே’ என்பான். நேர்காணலில் மேலாளரிடம் அப்படிப் பேசினால் கதை அங்கேயே முடியும். கிழப் பேராசிரியர் ஒரு மாதிரி, சீமாட்டி ஒரு மாதிரி என்று பாத்திரத்துக்கென்றே அமைந்த இந்தப் பேச்சைச் சதோஷி கின்சுய் 2003இல் தனி நூலாக ஆராய்ந்தார். சினிமா நாட்டாமை பேசுகிற மாதிரி எந்த ஊர்ப் பெரியவரும் பேசுவதில்லை அல்லவா, அந்தக் கதைதான். நீ, நீங்க, வா, வாங்க என்று ஆள் பார்த்துப் பேசிப் பழகிய நமக்கு இந்த வித்தியாசத்தைச் சுட்டிக் காட்டினால் போதும். ஆங்கிலத்தில் அதற்கு வழியில்லை. எல்லாருக்கும் ஒரே ‘யூ’.

எழுத்து வேறு மலை. அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு வகுத்த ‘கஞ்சி’ என்னும் எழுத்துகள் 2,136. அனிமே காதைத் தீட்டும், இதற்கு உதவாது. எழுதி எழுதித்தான் வரும்.

வேலைக்கான வாசல் தனி. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் திறன் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தபின், முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்கு ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை அளவு மொழியறிவு கேட்கிறார்கள். ஜப்பான் பவுண்டேஷன் 2021 கணக்கெடுப்பில் இந்தியாவில் இம்மொழி படித்தவர்கள் சுமார் 36 ஆயிரம். இத்தனை பெரிய நாட்டுக்கு இது சொற்பம். நர்சிங் முடித்து அந்தத் தேர்வுக்கு உட்காரும் பெண்ணும், ‘ஒன் பீஸ்’ பார்த்து வந்த பொறியியல் பையனும் ஒரே பெஞ்சில், தமக்குச் சரளமில்லாத ஆங்கிலம் வழியாகத் தம் மொழியைப் போன்ற ஒன்றைப் படிக்கிறார்கள்.

திருச்சியிலேயே பாரதிதாசன் பல்கலைக்கழகம் இருக்கிறது, தமிழ்த்துறைகள் உள்ள கல்லூரிகள் பல இருக்கின்றன. தமிழாசிரியர் ஒருவரும் ஜப்பானிய மொழி ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து, வேற்றுமை, எச்சம், துணைவினை என்று நம் இலக்கண வரிசையிலேயே ஒரு பாடநூல் எழுதட்டும். நூறு பக்கம் போதும். தில்லை நகர் வகுப்புகள் அதை வைத்து முதல் ஆண்டை நடத்திப் பார்க்கட்டும்.