நிழலோடு வாட்போர்

1989-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வை இன்று விளையாடினால் முதலில் எரிச்சல்தான் வரும். பொத்தானைத் தட்டியதும் இளவரசன் தாவமாட்டான். காலூன்றி, உடம்பைக் கூட்டி, அப்புறம்தான் எம்புவான். நாலைந்து முறை முள்குழியில் செத்தபின் புரிகிறது, அவனுக்கு எடை இருக்கிறது. விளையாட்டை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் படம் படமாக வரைந்த அசைவு அது. விளிம்பில் தொங்குபவன் தம் கட்டி மேலேறும் அந்த ஒரு நொடிக்காகவே ஆடலாம்.

கதை? கெட்ட மந்திரி, சிறைப்பட்ட இளவரசி, 60 நிமிடக் கெடு. விடுங்கள்.

இதில் வரும் நிழல் மனிதன்தான் விசேஷம். எதிரிக்கென்று தனிப் படங்கள் வைக்க நினைவகத்தில் இடமில்லை. இளவரசனின் படங்களையே உருமாற்றி அவனை உண்டாக்கினார் மெக்னர். இளவரசன் கண்ணாடிக்குள் பாயும்போது பிறக்கிறவன், பிற்பாடு வாளோடு எதிரே நிற்கிறான். அவனைக் குத்தினால் நம் உயிரும் குறையும். வாளை உறையிலிட்டு அவனை நோக்கி நடந்தால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். விளையாட்டு இதை எங்கும் சொல்லித் தருவதில்லை. கட்டுப்பாட்டின் மந்தத்துக்கு ஒரு மதிப்பெண் குறைத்தாலும், இந்த இடத்துக்கு இரண்டு கூட்டிப் போடுவேன்.