பூட்டிய அலமாரி

1998-ல் நேபாளத்துக்கு மலையேறப் போன ஒரு மைக்ரோசாஃப்ட் அதிகாரி, பாஹுன்டாண்டா என்கிற ஊரில் பள்ளிக்கூடம் ஒன்றை எட்டிப் பார்த்தார். 450 பிள்ளைகள். நூலகம் என்று ஓர் அறையைக் காட்டினார்கள். புத்தகம் எங்கே என்றால், பூட்டிய அலமாரியில். பிள்ளைகள் பாழாக்கிவிடுவார்களாம். உள்ளே இருந்ததெல்லாம் சுற்றுலாப் பயணிகள் கழற்றிவிட்டுப் போன சரக்கு. டேனியல் ஸ்டீலின் காதல் நாவல், இத்தாலிய மொழியில் உம்பர்ட்டோ எக்கோ, மங்கோலியாவைச் சுற்றிப் பார்க்க ஒரு கையேடு. கிழித்தால்தான் என்ன நஷ்டம்?

அந்த அதிகாரி ஜான் வுட். புத்தகங்களோடு திரும்பி வாருங்கள் என்று தலைமை ஆசிரியர் கேட்டுக்கொள்ள, நண்பர்களுக்கு ஈமெயில் தட்டினார். கொலராடோவில் அவருடைய அப்பா அம்மா வீட்டில் 3,000-க்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்து குவிந்தன. மறு வருஷம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்ச் சேர்த்தார். வேலையை விட்டார். பிறகு பிறந்ததுதான் ரூம் டு ரீட். 'லீவிங் மைக்ரோசாஃப்ட் டு சேஞ்ச் தி வேர்ல்ட்' என்று 2006-ல் அவர் எழுதிய புத்தகம் இந்தக் கதைதான்.

விறுவிறுப்பான புத்தகம், மறுப்பதற்கில்லை. கூச்சமில்லாமல் பணம் கேட்பது எப்படி என்று இத்தனை வெளிப்படையாக எழுதியவர்கள் குறைவு. இரக்கப்படுங்கள் என்று இவர் கெஞ்சுவதில்லை. இவ்வளவு கொடுத்தால் இது முளைக்கும் என்று விலைப்பட்டியல் நீட்டுகிறார். 250 டாலர் என்றால் ஒரு பெண் குழந்தையின் ஒரு வருஷப் படிப்பு. மைக்ரோசாஃப்டில் ஸ்டீவ் பால்மரிடம் கற்ற வியாபாரம். உள்ளூர்க்காரர்களும் நிலமோ உழைப்போ போட்டாக வேண்டும் என்ற நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது. சும்மா வந்த கட்டடத்துக்கு யார் வெள்ளையடிப்பார்கள்?

நான் பி.காம். படித்தவன். நல்ல காரியம் என்றாலும் செலவுப் பக்கத்தைப் புரட்டத் தோன்றும். அங்கேதான் புத்தகம் இளைத்துப்போகிறது. நன்கொடை வந்த கதை பக்கம் பக்கமாக. நூலகம் திறந்து ஐந்தாவது வருஷம் அலமாரிச் சாவி யாரிடம் இருந்தது என்பதற்கு அந்த அளவு இடமில்லை. வுட் ஆதர்சமாகக் கொண்ட ஆண்ட்ரூ கார்னகி இதில் கெட்டி. உலகம் முழுக்க சுமார் 2,500 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். ஆனால், கட்டடத்துக்கு மட்டும். இடம் ஊர் தர வேண்டும், தான் கொடுக்கும் தொகையில் பத்து சதவீதத்தை வருஷா வருஷம் நிர்வாகச் செலவுக்கு ஒதுக்குவதாக ஊராட்சி எழுதித் தர வேண்டும். கறார் பேர்வழி!

கேட்பவரின் கதையே பெரிதாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் அதே 2006-ல் வந்தது. கிரெக் மார்ட்டென்சனின் 'த்ரீ கப்ஸ் ஆஃப் டீ'. பாகிஸ்தான் மலைக்கிராமங்களில் பள்ளி கட்டிய கதை. சக்கைப்போடு போட்டது. 2011-ல் எழுத்தாளர் ஜான் கிராக்கவரும் சிபிஎஸ் தொலைக்காட்சியும் துருவியபோது கதையிலேயே ஓட்டைகள். சில பள்ளிகள் காலியாகக் கிடந்ததாகவும் செய்தி. 2012-ல் மான்டானா மாநில அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சுமார் 10 லட்சம் டாலரை அவர் தன் அறக்கட்டளைக்குத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. வுட் மீது அப்படி ஒரு புகாரும் இல்லை. ஆனாலும், வேலையை உதறிய வீரரைப் பார்த்துத்தானே நாமும் பர்ஸைத் திறக்கிறோம்? அவர் புத்தகமும் அந்த வீரரைச் சுற்றியேதான் நகர்கிறது.

எனக்குப் பிடித்த இடம் வேறு. கப்பலில் வந்து இறங்கிய ஆங்கிலப் புத்தகங்களை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் என்ன செய்யும்? நேபாளியில் குழந்தைகளுக்கான கதைப் புத்தகமே அபூர்வம். ஆகவே உள்ளூர் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் பிடித்து அந்த மொழியிலேயே அச்சடிக்கத் தொடங்கினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கால்வைத்த இலங்கையிலும் சிங்களத்திலும் தமிழிலும் போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கதை புத்தகத்தில் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அடுத்த நன்கொடை விருந்துக்கு நேரமாகிவிட்டது போல.